டிரோனைக் குட்டிக்கரணம் அடிக்கப் பழக்குவது: கோலாலம்பூர், பினாங்கு புதியவர்களுக்கு

டிரோன் குட்டிக்கரணம் அடிக்கும்போது பார்ப்பவர் கண் அந்தச் சுழற்சியின் மேலேயே இருக்கும். ஓட்டுபவருக்குச் சுழற்சி எளிது. ரிமோட்டின் வலது ஸ்டிக்கை ஓரம்வரை தள்ளினால் அது தானாக நடந்துவிடும். கஷ்டமெல்லாம் இடது கட்டைவிரலில் இருக்கிறது. மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரோட்டிலை எப்போது ஏற்றுவது, எப்போது அடியோடு இறக்குவது, எப்போது மறுபடி ஏற்றி டிரோனைத் தாங்கிப் பிடிப்பது என்ற மூன்றும் விரலுக்குப் பழகினால் கரணம் வந்த மாதிரிதான். புதியவர்கள் பலர் வலது கையையே பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். டிரோன் தரையில் மோத மோத சுழலும் இறக்கையான ப்ராப் வாங்கியே பணம் கரைகிறது.

கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால், அந்தப் படிக்கே பிறகு காசு கொடுத்துத் திரும்ப வரவேண்டியிருக்கும்.

1. எந்த டிரோன் கரணம் அடிக்கும், எது அடிக்காது

கடையில் கிடைக்கும் டிரோன்களைக் கரணக் கணக்கில் மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தானாகச் சுழன்று நிற்கும் பொம்மை டிரோன். அதில் கரணம் அடிப்பது உள்ளே இருக்கும் நிரல். உங்கள் விரல் எதையும் கற்றுக்கொள்ளாது. பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாம், பழகுவதற்கு உதவாது.

இரண்டாவது, படம் பிடிக்கும் ஜிபிஎஸ் டிரோன். ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினாலும் குறிப்பிட்ட சாய்வுக்கு மேல் அது போகாது. விட்டால் தானே நிமிர்ந்துகொள்ளும். திருமணப் படம் எடுக்க அந்தக் குணம் தேவை. கரணத்துக்கு அதுவே தடை.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: ஆக்ரோ மோடு உள்ள டிரோன். இந்த மோடில் ஸ்டிக் சொல்வது சாய்வை அல்ல, சுழலும் வேகத்தை. ஸ்டிக்கை விட்டால் டிரோன் நிமிராது, எந்தக் கோணத்தில் இருந்ததோ அதிலேயே நிற்கும். சில டிரோன்களில் இதற்கு மேனுவல் மோடு என்று பெயர்.

தொடக்கத்துக்கு 65 அல்லது 75 மில்லிமீட்டர் அளவுள்ள, ப்ராப்களைச் சுற்றி வளையம் கொண்ட வூப் வகை போதும். மோட்டார் மையத்திலிருந்து எதிர் மூலை மோட்டார் மையம் வரை உள்ள குறுக்களவே இந்த எண். பேட்டரியோடு சேர்த்தும் 50 கிராமைத் தாண்டாததால் விழுந்தாலும் பெரிய சேதம் வராது, யார் மீதாவது பட்டாலும் காயம் குறைவு. 5 அங்குல ப்ராப் கொண்ட பெரிய டிரோன் கரணத்தை இன்னும் அழகாக அடிக்கும். ஆனால் அது விரலை வெட்டும், மண்டையை உடைக்கும். அதில் தொடங்க வேண்டாம்.

வாங்கும்போது பிரஷ்லெஸ் மோட்டாரா என்று கேளுங்கள். விலை குறைந்த தொகுப்புகளில் பிரஷ் மோட்டார் இருக்கும். கரணத்தின் முடிவில் தாங்கிப் பிடிக்கத் தேவையான உந்துவிசை அதில் போதாது, மோட்டாரும் சீக்கிரம் தேய்ந்துவிடும். டிரோனின் பறப்பைக் கட்டுப்படுத்தும் பீட்டாஃப்ளைட் மென்பொருளில் அமைப்புகளை மாற்ற முடியுமா என்பதையும் கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

2. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

தோராயக் கணக்கு இது. 65 அல்லது 75 மில்லிமீட்டர் பிரஷ்லெஸ் வூப் 400 முதல் 550 ரிங்கிட். எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி கொண்ட ரிமோட் 280 முதல் 450. டிரோனின் கேமரா காட்சியைக் கண்முன் காட்டும் பெட்டி வடிவ அனலாக் கண்ணாடி 300 முதல் 450. 6 பேட்டரிகள் 150 முதல் 200. ஒரே நேரத்தில் பல பேட்டரிகளுக்கு மின்னேற்றும் சார்ஜர் 100 முதல் 180. மாற்று ப்ராப் நான்கைந்து செட் 50. ஆக மொத்தம் 1,300 முதல் 1,900 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்த தொகுப்பாக வாங்கினால் கொஞ்சம் குறையும். ஆனால் தொகுப்போடு வரும் ரிமோட் பெரும்பாலும் சிறியது, அடுத்த டிரோனுக்கு உதவாது. பணத்தைச் செலவிடவேண்டிய இடம் ரிமோட். டிரோன் உடையும், கண்ணாடி பழசாகும், ரிமோட் பல ஆண்டுகள் கூட வரும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. முதலில் ரிமோட்டை மட்டும் வாங்கி 4ஆம் படியைத் தொடங்குங்கள். கரணம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஷோப்பி, லசாடாவில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை மூன்று. வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விளம்பரத்தில் காட்டும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, ரிமோட்டும் வீடியோ அனுப்பியும் வானொலிக் கருவிகள். அவற்றுக்கு மலேசியத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் சான்று தேவை. சான்றில்லாத கருவி சுங்கத்தில் நின்றுவிட்டால் அதை மீட்க அலைவதில் அர்த்தமில்லை. உள்ளூரில் இருப்பு வைத்து, சிரிம் முத்திரையோடு விற்பவரிடம் வாங்குங்கள். 30, 40 ரிங்கிட் கூடுதலானாலும் பரவாயில்லை. மூன்றாவது பேட்டரி. லைபோ பேட்டரி விமானப் பார்சலில் எளிதாக ஏறாது, கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும். டிரோன் கையில் வந்த பிறகு பேட்டரிக்காகக் காத்திருக்காமல் அதை முதலிலேயே ஆர்டர் செய்துவிடுங்கள்.

சாலிடர் கம்பி, சிறு திருப்புளி, மல்டிமீட்டர் போன்றவற்றுக்குக் கோலாலம்பூரில் புடு பக்கம் ஜாலான் பாசார் கடைகள் போதும். மடிக்கணினி சார்ந்த கேபிள், அடாப்டர் என்றால் லோ யாட் பிளாசா. யுஎஸ்பி கேபிள் வாங்கும்போது தரவும் கடத்தும் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளைப் போட்டுவிட்டு டிரோன் கணினியில் தெரியவில்லை என்று திண்டாடுபவர்கள் ஏராளம்.

எந்த ரிமோட்டை வாங்கினாலும் மோடு 2 கேளுங்கள். இடது ஸ்டிக் த்ரோட்டில், வலது ஸ்டிக் ரோலும் (பக்கவாட்டுச் சுழற்சி) பிட்ச்சும் (முன்பின் சுழற்சி). இந்தக் கட்டுரையும் அந்த அமைப்பை வைத்துத்தான் எழுதப்பட்டது.

3. எங்கே பறப்பது, என்னென்ன காகிதம் வேண்டும்

பலர் சறுக்குவது இங்கேதான், இதில் சறுக்கினால் அபராதம் வரை போகும். அதனால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மலேசியாவில் டிரோன் பறப்பதை ஒழுங்குபடுத்துவது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், சுருக்கமாக சிஏஏஎம். 2016ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகளின்படி அனுமதியின்றி 400 அடிக்கு மேல் போகக்கூடாது. விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பகுதியில் நுழையக்கூடாது. டிரோன் எப்போதும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். கேமரா பொருத்தியதாக இருந்தால் இன்னும் கட்டுப்பாடு: உங்கள் பொறுப்பில் இல்லாத ஆள், வாகனம், கட்டடம் எதற்கும் 50 மீட்டருக்குள் வரக்கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஆட்களிடமிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்கவேண்டும். 1,000 பேருக்கு மேல் கூடும் இடத்துக்கு 150 மீட்டருக்குள் போகவே கூடாது. தைப்பூசத்தன்று பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ டிரோனை எடுக்கும் எண்ணமே வேண்டாம். அது சட்டத்துக்கும் ஆகாது, காவடி தூக்கி வருபவர் தலைக்கும் ஆகாது.

கரணத்துக்கு 400 அடி தேவையே இல்லை, 10 மீட்டர் போதும். பிரச்சினை உயரத்தில் இல்லை, இடத்தில்தான். பினாங்குத் தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம், நடுவில் ஜார்ஜ்டவுன். கோலாலம்பூர்ப் பக்கம் சுபாங் விமான நிலையம் பெட்டாலிங் ஜெயாவையும் ஷா ஆலாமையும் ஒட்டி இருக்கிறது. இரட்டைக் கோபுர வட்டாரமும் புத்ராஜெயாவும் பழகுவதற்கான இடங்கள் அல்ல. வீட்டுக்குப் பக்கத்துத் திடல் காலியாக இருக்கிறது என்பதால் அது உங்களுக்கானது என்று எண்ணிவிடாதீர்கள். வரைபடத்தில் விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்த பிறகுதான் அடுத்த வேலை.

இதனால் எங்கள் பரிந்துரை: முதல் ஒரு மாதத்துக்கு மூடிய அரங்கு. வூப் டிரோனுக்குப் பூப்பந்து அரங்கே போதும். ஓர் ஆட்டக்களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். அடுத்தடுத்து இரண்டு களம் காலியாக இருந்தால் தாராளம். வாடகை மணிக்கு 10 முதல் 30 ரிங்கிட் வரை, நேரத்தைப் பொறுத்து மாறும். வார நாள் காலை மலிவு, ஆளும் இருக்கமாட்டார்கள். முன்பதிவு செய்யும்போதே டிரோனுக்கு என்று சொல்லிவிடுங்கள். 30 கிராம் எடை, ப்ராப்பைச் சுற்றி வளையம் இருக்கிறது என்று காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சொல்லாமல் போய் வாசலில் வாதிடுவதில் பயனில்லை. கூரை 6 மீட்டருக்குக் குறைந்தால் அந்த அரங்கு வேண்டாம். தொங்கும் விசிறி இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கோயில் மண்டபமோ தாமான் பல்நோக்கு மண்டபமோ கிடைத்தால் இன்னும் நல்லது. நிர்வாகத்திடம் கடிதமாகக் கேளுங்கள். பொறுப்பாளர் மாறினாலும் கடிதம் கையில் இருக்கும்.

வெளியே பறக்க முடிவெடுத்த பிறகு கீழ்க்கண்டவற்றை ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள்:

அடையாள அட்டை நகல். டிரோன், ரிமோட் வாங்கிய ரசீது. சிரிம் முத்திரை தெரியும் படம். டிரோனை எடைத்தட்டில் வைத்து எடுத்த படம். பறக்கும் இடத்தின் வரைபடம், அதில் எல்லை வரைந்து அட்ச, தீர்க்கரேகை எண்கள். நில உரிமையாளரின் சம்மதக் கடிதம். பறக்கும் நாள், நேரம், அதிகபட்ச உயரம் எழுதிய ஒரு பக்கத் தாள்.

அந்த இடத்துக்கு அனுமதி தேவையா என்று சிஏஏஎம் இணையதளத்தில் பார்த்து, தேவைப்பட்டால் இந்தக் கோப்போடு விண்ணப்பியுங்கள். விதிகள் புதுப்பிக்கப்படுகின்றன. நண்பர் போன வருடம் சொன்னதை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னதாகவே விண்ணப்பம் போய்விட வேண்டும். கேட்ட தாளில் ஒன்று குறைந்தாலும் திரும்பி வரும், நாள்கள் அதில்தான் போகும்.

சிஏஏஎம் அனுமதி வான்வெளிக்கு மட்டும். தரைக்கு வேறு ஆள். பொதுப் பூங்கா என்றால் கோலாலம்பூரில் மாநகராட்சி மன்றம், தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். தமிழ்ப்பள்ளித் திடல் என்றால் தலைமையாசிரியர் கடிதம், அதுவும் பள்ளி விடுமுறையில் மட்டும். தோட்டப் பகுதி என்றால் தோட்ட மேலாளர். எங்கள் கணிப்பில் தனியார் நிலமே சிறந்தது. கேட்கவேண்டியது ஒருவரிடம்தான், அவர் சரி என்றால் மாதம் முழுதும் அங்கேயே பழகலாம்.

வான்படம் எடுப்பதற்கு நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் தனியாக அனுமதி தருகிறது. பழகும்போது பதிவு தேவையில்லை. கண்ணாடியிலும் டிரோனிலும் உள்ள மெமரி கார்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

கண்ணாடி அணிந்தால் உங்களுக்கு டிரோன் தெரியாது, அதன் கேமரா காட்டுவதுதான் தெரியும். ஆகவே வெளியில் பறக்கும்போது பக்கத்தில் ஒருவர் வெறுங்கண்ணால் டிரோனையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆள் வருகிறார், நாய் வருகிறது, ஹெலிகாப்டர் சத்தம் என்று அவர் சொன்னதும் கேள்வி கேட்காமல் இறக்குங்கள்.

4. சிமுலேட்டரில் 10 மணி நேரம்

ரிமோட்டை யுஎஸ்பி கேபிளால் கணினியில் செருகி, திரையில் ஜாய்ஸ்டிக் என்ற தேர்வை அழுத்தினால் விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியாகிவிடும். லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன் என்ற சிமுலேட்டர் மென்பொருள் இரண்டில் ஒன்று போதும். விலை ஒரு பேட்டரி தொகுப்புக்கும் குறைவு. தொடுதிரைக் கைப்பேசியில் விரலால் தேய்த்துப் பழகுவது வேண்டாம், அதனால் கை கெட்டுப்போகும்.

உள்ளே போனதும் முதல் வேலை, ஆக்ரோ மோடு. தானே நிமிரும் ஏங்கிள் மோடில் ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்காதீர்கள். அதில் ஏறும் பழக்கத்தை ஆக்ரோவில் மறக்கவைக்க இரண்டு மடங்கு நேரமாகும்.

முதல் 3, 4 மணி நேரம் கரணமே கிடையாது. 2 மீட்டர் உயரத்தில் நிற்க வையுங்கள். பிறகு 1 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் இடையே ஏற்றி இறக்கி, சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து எட்டுப் போடுங்கள். திரையில் டிரோன் தொடர்ந்து ஒரு நிமிடம் ஒரே உயரத்தில் நின்றால்தான் இடது கட்டைவிரல் தயார். இது அலுப்பான வேலைதான். ஆனாலும் கரணத்தின் கடைசி அரை வினாடியைக் காப்பாற்றுவது இந்தப் பயிற்சி மட்டுமே.

சிமுலேட்டரில் போட்ட ரேட்ஸ் எண்களை, அதாவது சுழலும் வேக எண்களை, குறித்துவையுங்கள். அதே எண்கள்தான் அசல் டிரோனிலும் இருக்கவேண்டும். இங்கே ஒரு வேகம், அங்கே ஒரு வேகம் என்றால் பழகியதெல்லாம் வீண்.

5. மேசை மேல் செய்யவேண்டிய அமைப்புகள்

ப்ராப் நான்கையும் கழற்றிவிட்டுத்தான் டிரோனைக் கணினியில் செருகவேண்டும். இதற்கு விதிவிலக்கு கிடையாது.

ரிமோட்டிலும் டிரோனிலும் உள்ள எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ் பதிப்பின் முதல் எண் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றில் 2, இன்னொன்றில் 3 என்றால் எத்தனை முறை இணைத்தாலும் இணையாது. மோட்டார்களை ஓடவும் நிற்கவும் வைக்கும் ஆர்ம் சுவிட்சை ஆக்ஸ் 1 என்ற துணைச் சேனலில் வையுங்கள், இந்த வானொலி முறைக்கு அதுவே சரி. ஆக்ஸ் 2இன் ஒரு முனையில் மட்டும் ஏங்கிள் மோடு. எந்த மோடும் தேர்வாகாத நிலையில் பீட்டாஃப்ளைட் ஆக்ரோவில் இருக்கும். இன்னொரு சுவிட்சில் கவிழ்ந்த டிரோனை மோட்டாரைத் திருப்பிச் சுழற்றி நிமிர்த்தும் டர்ட்டில் மோடு.

ஏர்மோடு இயங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கரணத்தின் நடுவில் த்ரோட்டில் சுழியத்தில் இருக்கும். அப்போதும் மோட்டார்களை வேறுவேறு வேகத்தில் சுழற்றி டிரோனைக் கட்டுப்பாட்டில் வைப்பது ஏர்மோடுதான். அது இல்லாவிட்டால் த்ரோட்டிலை இறக்கியதும் சுழற்சி பாதியில் தளர்ந்து, தலைகீழாகவே கீழே வரும்.

ரேட்ஸ்: பீட்டாஃப்ளைட் தரும் இயல்பான ஆக்சுவல் ரேட்ஸில் ரோல், பிட்ச் இரண்டுக்கும் அதிகபட்ச வேகம் வினாடிக்கு 670 டிகிரி. தொடக்கத்துக்கு அதை 500க்கு இறக்குங்கள். 670இல் ஒரு முழுச்சுற்றுக்கு 0.54 வினாடி, 500இல் 0.72 வினாடி. இந்தச் சின்ன வித்தியாசம் கண்ணுக்கு அடிவானத்தைப் பிடித்துக்கொள்ள அவகாசம் தரும். 400க்குக் கீழே இறக்கினால் சுற்று மெதுவாகி, முடிவதற்குள் டிரோன் தரைக்கு வந்துவிடும்.

கேமரா சாய்வு 15 முதல் 20 டிகிரி. வீடியோ சக்தி 25 மில்லிவாட், அரங்குக்கு அதுவே மிகுதி. மேசையில் அமைப்புகள் செய்யும்போது வீடியோ அனுப்பி கொதிக்கும், ஒரு சிறு விசிறியை அதன் மேல் திருப்பிவையுங்கள்.

கடைசியாக, ரிமோட் தொடர்பு அறுந்தால் டிரோன் நிற்கிறதா என்று பார்க்கும் ஃபெயில்சேஃப் சோதனை: ப்ராப் இல்லாமல் ஆர்ம் செய்து, மோட்டார் ஓடும்போதே ரிமோட்டை அணையுங்கள். ஓரிரு வினாடியில் மோட்டார் நிற்கவேண்டும். நிற்காத டிரோனை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள்.

6. பேட்டரி, காலநிலை, நேரம்

ஒற்றைச் செல் லைபோ நிறைந்தால் 4.2 வோல்ட். எச்வி என்று எழுதியிருந்தால் மட்டும் 4.35 வரை ஏற்றலாம். 450 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.45 ஆம்பியர் மின்னோட்டம் பாதுகாப்பு. ஒரு பேட்டரி மூன்று, நான்கு நிமிடம் தாங்கும். அதில் கரணத்துக்கு உரியது முதல் பாதி மட்டுமே. வோல்ட் இறங்கிய பேட்டரியில் தாங்கிப் பிடிக்கும் கணத்தில் வேகம் வராது, சரியாகச் செய்த கரணமும் தரையில் முடியும். பின்பாதியை உயரம் பிடிக்கும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 3.5 வோல்ட் காட்டியதும் இறக்கிவிடுங்கள்.

பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜரில் போடாதீர்கள், 15 நிமிடம் ஆறட்டும். இரண்டு நாளுக்கு மேல் பறக்கப்போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் நிறுத்திவையுங்கள். நம் ஊர் வெயிலில் காருக்குள்ளோ மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளோ விட்டுப்போனால் பேட்டரி உப்பிவிடும். உப்பியதை மறுபடி பயன்படுத்தக்கூடாது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் போனால் பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும், முனைகளில் டேப் ஒட்டி.

வெளியில் பறக்கக் காலை 7.30 முதல் 9.30 வரை நல்ல நேரம். கோலாலம்பூரில் மதியத்துக்குப் பிறகு இடிமழை எப்போதும் வரலாம், ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் இன்னும் அதிகம். பினாங்கில் பிற்பகல் கடற்காற்று 30 கிராம் டிரோனை இழுத்துக்கொண்டு போகும். காலைப் புல்லில் பனி இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். விழுந்த டிரோனின் சர்க்கியூட்டில் ஈரம் பட்டால் உடனே பேட்டரியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவையுங்கள். புல்லின் மேல் ஒரு பாய் விரித்து அதிலிருந்து ஏற்றுவது நல்ல பழக்கம்.

7. முதல் கரணம்: பக்கவாட்டில்

முதல் கரணம் ரோலாகவே இருக்கட்டும். அடிவானம் திரையை விட்டு மறையாமல் கடிகார முள்போலச் சுழன்று திரும்பி வரும். எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துகொண்டே இருக்கும். வலப்பக்கமா இடப்பக்கமா என்பது உங்கள் வசதி. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து அதிலேயே நில்லுங்கள்.

ஏன் மேலே எகிற வைத்துவிட்டுச் சுற்றவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. த்ரோட்டில் இல்லாத 0.72 வினாடியில், நின்ற நிலையிலிருந்து விழும் டிரோன் ஏறக்குறைய 2.5 மீட்டர் இறங்கிவிடும். அதே டிரோன் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருந்தால், த்ரோட்டிலை விட்ட பிறகும் ஏறி இறங்கி அதே உயரத்துக்கு வர 0.8 வினாடி ஆகும். அதாவது, சுற்று முடியும்போது தொடங்கிய உயரத்திலேயே இருப்பீர்கள். கரணத்துக்கான உயரத்தை முன்கூட்டியே வேகமாகச் சேமித்துவைக்கிறோம். எகிறல் இல்லாத கரணம் கடன் வாங்கிச் செலவழிப்பது போல, திருப்பிக் கொடுக்கவேண்டியது தரையிடம்.

செய்முறை:

அரங்கில் 2 மீட்டர், வெளியில் 5 மீட்டர் உயரத்தில் அசையாமல் நிறுத்துங்கள். நகர்ந்துகொண்டிருந்தால் தொடங்காதீர்கள்.

த்ரோட்டிலை 80 விழுக்காடு வரை தள்ளி, அரை வினாடிக்கும் குறைவாகப் பிடியுங்கள். டிரோன் எகிறும்.

த்ரோட்டிலை அடிவரை இறக்குங்கள். இறக்கிய பிறகுதான் ரோல். இரண்டையும் சேர்த்துச் செய்தால் டிரோன் சாய்ந்த நிலையில் உந்துவிசை பக்கவாட்டில் வேலை செய்து, சுவரை நோக்கி எறிந்துவிடும். த்ரோட்டிலை இறக்காமலே சுற்றினால் இன்னும் மோசம். தலைகீழாக இருக்கும் கணத்தில் மோட்டார்கள் டிரோனைத் தரையை நோக்கி உதைக்கும்.

வலது ஸ்டிக்கை ஓரம்வரை, ஒரே தள்ளில், தயங்காமல் கொண்டுபோய் அங்கேயே பிடியுங்கள். பாதி தள்ளினால் பாதி வேகம்கூட வராது. பயந்து நடுவில் விட்டுவிடுவதே புதியவர்களின் தலையாய தவறு. விட்ட கணத்தில் தலைகீழாக இருந்தால் ஆக்ரோ மோடு அதே நிலையில் நிறுத்திவைக்கும்.

அடிவானம் இரண்டாம் முறையாகச் செங்குத்தாகத் தெரியும்போது, அதாவது முக்கால் சுற்றில், ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவரத் தொடங்குங்கள். நிமிர்ந்த பிறகு விடலாம் என்று காத்திருந்தால் தாண்டிப்போய்விடும்.

நிமிர்ந்ததும் த்ரோட்டிலை மிதக்கும் அளவைவிடக் கொஞ்சம் மேலே ஏற்றி, கால் வினாடி பிடித்து, மிதக்கும் அளவுக்கு இறக்குங்கள். முழுதாகத் தள்ளினால் கூரையில் போய் முட்டும். நிமிர்வதற்கு முன்பே ஏற்றினால் பக்கவாட்டில் பாயும். சற்று நடுக்கத்தோடு பிடிபட்டால் அஞ்சவேண்டாம், அது தன் ப்ராப் கிளப்பிய கலங்கிய காற்றுக்குள் தானே இறங்குவதால் வருவது.

ஒரு பேட்டரிக்கு நான்கைந்து கரணம் போதும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நிறுத்தி, உயரம் எவ்வளவு மாறியது என்று பாருங்கள். தொடங்கிய உயரத்திலிருந்து அரை மீட்டருக்குள் முடியும் கரணம்தான் நல்ல கரணம். சுற்று எவ்வளவு அழகாக இருந்தாலும் இதுவே அளவுகோல்.

விழுந்துவிட்டால் வேறெதற்கும் முன் ஆர்ம் சுவிட்சை அணையுங்கள். புல்லிலோ வலையிலோ சிக்கிய ப்ராப்பைச் சுழற்ற முயலும் மோட்டார் சில வினாடிகளில் கருகிவிடும். டர்ட்டில் மோடையும் சின்னத் தட்டலாகவே பயன்படுத்துங்கள்.

8. முன்னும் பின்னும்

ரோல் பத்துக்கு எட்டு முறை சரியாக வந்த பிறகு பின்கரணம். வலது ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுக்கவேண்டும். திரையில் முதலில் கூரையோ வானமோ மட்டும் தெரியும், பிறகு தலைகீழான தரை, பிறகு அடிவானம் மேலிருந்து இறங்கிவரும். நடுவில் எதுவும் அடையாளம் தெரியாத ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் ஸ்டிக்கை விடக்கூடாது. முன்கரணத்தில் முதலிலேயே தரை கண்ணை நிறைப்பதால் அச்சம் கூடும், அதைக் கடைசியில் வையுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கேமரா 20 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், டிரோன் மட்டமாக இருக்கும்போது அடிவானம் திரையின் நடுவில் இருக்காது, கீழே இருக்கும். கரணம் முடிந்து அடிவானத்தை நடுவுக்குக் கொண்டுவந்தால் டிரோன் மூக்கைக் கீழே சாய்த்து முன்னோக்கி ஓடும். தொடங்கும்முன் அடிவானம் திரையில் எங்கே இருந்தது என்று பார்த்துவைத்து, அங்கேயே திரும்ப நிறுத்துங்கள்.

9. சரியாக வராதபோது எதைப் பார்ப்பது

ஏறும்போதே கவிழ்கிறது: ப்ராப் இடம் மாறியிருக்கும். இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி, எதிர் மூலைகளில் ஒரே வகை. ப்ராப் சரி என்றால் பீட்டாஃப்ளைட்டில் மோட்டார் சுழலும் திசை, மோட்டார் வரிசை எண், பலகையின் திசை என்ற வரிசையில் பாருங்கள்.

கரணம் முடியும்போது மூக்கு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது: த்ரோட்டிலை அவசரமாக இறக்கும்போது கட்டைவிரல் கோணலாகப் போய், அதே ஸ்டிக்கில் உள்ள யா எனும் இடவலத் திருப்பத்தையும் தொட்டுவிடுகிறது. இடது ஸ்டிக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். பீட்டாஃப்ளைட்டில் ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் யா டெட்பேண்ட் எண்ணை 3 முதல் 5 வரை வைத்தாலும் குறையும்.

கோணலாகச் சுற்றுகிறது: வலது ஸ்டிக் நேராகப் போகவில்லை. ரிமோட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டி, இரு கைமுட்டியும் உடம்போடு ஒட்டியிருக்குமாறு நில்லுங்கள்.

சுற்று நின்றதும் துள்ளுகிறது அல்லது அதிர்கிறது: ப்ராப் வளைந்திருக்கும், மாற்றுங்கள். மாற்றியும் நிற்காவிட்டால் மோட்டார் தண்டு வளைந்திருக்கலாம். பேட்டரி அதன் தொட்டிலில் ஆடினாலும் இதே கோளாறு வரும், ஏனென்றால் சுற்றும்போது எடை இடம் மாறுகிறது.

ஒரு மோட்டார் மட்டும் சூடாகிறது: மோட்டாரை இறுக்கும் திருகாணி நீளமாக இருந்து உள்ளே செம்புச் சுருளைத் தொடுகிறதா என்று கழற்றிப் பாருங்கள். மாற்றுத் திருகாணி போட்டவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது.

தலைகீழாகும்போது படம் மறைகிறது: பேட்டரி ஆன்டெனாவை மறைக்கிறது. ஆன்டெனாவைப் பேட்டரியிலிருந்து விலக்கி நேராக நிறுத்துங்கள். பக்கத்தில் வேறு யாரேனும் பறந்தால் சேனலைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

10. அடுத்தது என்ன, எப்போது

வாரத்தில் மூன்று நாள் சிமுலேட்டர், ஒரு நாள் அரங்கு என்று போனால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மூன்று திசைக் கரணமும் கைக்கு வரும். அதற்குப் பிறகு ரேட்ஸை 50 டிகிரி வீதம் ஏற்றி 670க்குக் கொண்டுபோகலாம். சிமுலேட்டரிலும் அதே நாளில் மாற்றிவிடுங்கள்.

பாதி ரோல் போட்டுத் தலைகீழாகி, அங்கிருந்து பிட்ச்சை இழுத்து வந்த வழியே திரும்பும் ஸ்பிளிட் எஸ் அடுத்த பாடம். அது உயரத்தை விழுங்கும், எனவே அரங்கில் முயலவேண்டாம். வெளியில், அனுமதி உள்ள இடத்தில், 15 மீட்டருக்குக் குறையாமல் தொடங்குங்கள். எத்தனை மீட்டர் இறங்குகிறது என்று பக்கத்தில் நிற்பவரைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த எண் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை உயரத்தைக் குறைக்காதீர்கள்.